உதவி கேட்கக் கற்றுக்கொடுக்கும் நாம் யாரிடம் கேட்பது?

கேள்வி:

வணக்கம் மேடம். தண்டையார்பேட்டையில் ஒரு தெரபி சென்டரில் ஏபிஏ (ஆட்டிசம் போன்ற நிலை உள்ள பிள்ளைகளுக்கான நடத்தைப் பயிற்சி) சூப்பர்வைசராக இருக்கிறேன். தெரபிஸ்டாக 5 வருடம், சூப்பர்வைசராக 2 வருடம். என் பொறுப்பில் 6 தெரபிஸ்டுகள், 19 பிள்ளைகள். அதில் 9 வயதுப் பையன் ஒருவன், பேச்சு வரவில்லை. நான்கு மாதமாகத் தலையில் அடித்துக்கொள்கிறான். வேலை கொடுக்கும்போதுதான் அடிக்கிறான் என்று டேட்டாவைப் பார்த்து முடிவு செய்து பிளான் எழுதினேன். இரண்டு வாரம் குறைந்தது, அப்புறம் முன்னைவிட ஏறிவிட்டது. இரண்டு முறை பிளானை மாற்றியும் பலனில்லை.

எங்கள் சென்டரிலேயே என்னைவிட சீனியரான சூப்பர்வைசர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்க வாய் வரவில்லை. ஓனரிடம் சொன்னதற்கு, "தெரிஞ்சவங்கன்னுதானே உங்களை சூப்பர்வைசரா போட்டோம்" என்றார். சூப்பர்வைசர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒருமுறை கேட்டேன். "அசெஸ்மென்ட்டே ஒழுங்கா பண்ணாம பிளான் எழுதினீங்களா?" என்று ஒருவர் பதில் போட்டார். அதோடு நிறுத்திவிட்டேன். என்னோடு பயிற்சி எடுத்த தோழி பெரம்பூரில் வேறொரு சென்டரில் இருக்கிறாள். அவளிடம் பேசலாம் என்றால், கேஸ் விஷயம் வெளியே போகக் கூடாது என்கிறார் ஓனர்.

போன வாரம் இன்னொரு அதிர்ச்சி. அந்தப் பையன் அடிக்கத் தொடங்கும் முன்பே "உதவி" கார்டை (பேச்சுக்குப் பதிலாக எடுத்துக் காட்டி உதவி கேட்கும் அட்டை) எடுக்க வைக்க வேண்டும் என்று பிளானில் எழுதியிருந்தேன். அவனுடைய தெரபிஸ்ட் மூன்று வாரமாக அந்தப் படியைச் செய்யவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அழுகிறாள். இந்த நிலைமையில் நானே போய் இன்னொருவரிடம் கேட்டால் இவர்கள் என்னை மதிப்பார்களா?

ஒரு சூப்பர்வைசர், தண்டையார்பேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பையனைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் தயக்கத்தை இரண்டு வாரம் கழித்துக்கூடப் பேசலாம். அவன் காத்திருக்க முடியாது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். டாக்டர் என்ற சொல் அதில் எங்கேயும் வரவில்லை. ஒருவேளை காட்டியிருக்கலாம், எழுத விட்டுப்போயிருக்கலாம். காட்டவில்லை என்றால் இந்த வாரமே காட்டச் சொல்லுங்கள். பேச்சு இல்லாத பிள்ளை தலையில் அடித்துக்கொண்டால் முதலில் காது, பல், சைனஸ், வயிறு, மலச்சிக்கல், தூக்கம், வலிப்பு, புதிதாகத் தொடங்கிய மருந்து எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். உங்கள் பகுதியில் ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. பல்லுக்கு பிராட்வே பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி. அம்மாவை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுங்கள்: "பையனால் வலியைச் சொல்ல முடியாது. இந்த மாதத்திலிருந்து அடித்துக்கொள்கிறான். இந்த நேரங்களில் அதிகம், இந்தப் பக்கம் அதிகம்." அவுட்பேஷன்ட் கூட்டத்தில் டாக்டருக்குக் கிடைக்கும் சில நிமிடத்தில் இந்த ஒரு தாள் எவ்வளவு வேலை செய்யும் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வாந்தி, வழக்கத்துக்கு மாறான மயக்கத் தூக்கம், வீக்கம், பார்வையில் ஏதோ மாற்றம் என்று தெரிந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அடி பலமாக விழுந்தால் கண்ணின் விழித்திரைகூடப் பாதிக்கப்படலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. நான் சூப்பர்வைசரான புதிதில், அப்போது வேலை பார்த்த இடத்தில், 7 வயதுப் பையன் ஒருவன் தாடையில் அறைந்துகொண்டிருந்தான். மேசையில் வேலைக்கு உட்காரும் நேரத்தில்தான் அறைவான். டேட்டா அவ்வளவு தெளிவாக இருந்தது. வேலையிலிருந்து தப்பிக்கச் செய்கிறான் என்று எழுதி, பிளான் போட்டு, 7 வாரம் நடத்தினேன். குறையவில்லை. யாரிடமும் கேட்கவில்லை, ஏனென்றால் டேட்டா தெளிவாக இருக்கிறதே! ஒருநாள் பக்கத்து அறை சூப்பர்வைசர் லேமினேஷன் மெஷினை வாங்கிப்போக வந்தார். வாசலில் நின்று இரண்டு நிமிடம் பார்த்தார். "இவன் ஏன் எப்பவும் இடது பக்கமே அறையுறான்?" என்று கேட்டார். அப்புறம் நேர அட்டவணையைப் பார்த்தார். மேசை வேலைக்கு முன்னால் தின்பண்ட நேரம். அவன் தினமும் முறுக்கு கொண்டுவருவான். பல் டாக்டரிடம் காட்டியபோது இடது கடைவாயில் இரண்டு பல் சொத்தை. கடித்த வலி கிளம்பும் நேரமும் நான் வேலை கொடுக்கும் நேரமும் ஒன்றாக இருந்திருக்கிறது. பல்லைச் சரிசெய்த பிறகு அறைவது பெருமளவு நின்றுவிட்டது. டேட்டா பொய் சொல்லவில்லை. அதைப் படித்தது ஒரே ஆள், அதுதான் பிழை. அந்தப் பிள்ளை வலியோடு உட்கார்ந்திருந்த 7 வாரத்தை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அந்த "உதவி" கார்டைப் பற்றி யோசியுங்கள். அது எங்கிருந்து வந்தது? 1985ல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்விலிருந்து. கடினமான வேலை கொடுத்தபோதோ யாரும் கவனிக்காதபோதோ தொல்லை செய்த 4 பிள்ளைகள் அதில் இருந்தார்கள். வேலை கடினமாக இருந்ததால் தொல்லை செய்த பிள்ளைக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். சொன்னதும் உதவி கிடைத்தது. தொல்லை குறைந்தது. 40 வருடமாக நாம் செய்துவரும் வேலையில் பாதி இதன் மேல் நிற்கிறது. பிள்ளை உடைந்துபோவதற்கு முன்னால் கேட்க வேண்டும், கேட்டால் உடனே கிடைக்க வேண்டும், கேட்பது சுலபமாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் எந்தப் பிள்ளையும் கார்டைத் தொடாது என்று உங்கள் தெரபிஸ்டுகளுக்கு நீங்களே எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்!

இப்போது உங்கள் சென்டரைப் பாருங்கள். நீங்கள் ஓனரிடம் கேட்டீர்கள். குத்தல் பதில் வந்தது. குழுவில் கேட்டீர்கள், பத்துப் பேர் முன்னால் அவமானம் வந்தது. நீங்கள் கேட்பதை நிறுத்தினீர்கள். தண்டனை கிடைத்த நடத்தை குறையும், இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கார்டு படியைச் செய்ய முடியாமல் திணறிய உங்கள் தெரபிஸ்ட் உங்களிடம் கேட்கவில்லை. கடைசியில் அந்தப் பையன் உதவி கேட்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. உங்கள் மீது குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. மூன்று பேருடைய சிக்கலும் ஒரே சிக்கல் என்பதால் எழுதுகிறேன். ஓரிடத்தில் அவிழ்த்தால் மற்ற இரண்டும் தளரும்.

கேட்டால் மதிப்பு போகுமா என்கிறீர்கள். உங்கள் தெருமுனையில் தினமும் நடப்பதைப் பாருங்கள். துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர் லாரி குறுகலான இடத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது, 20 வருடம் ஸ்டியரிங் பிடித்த டிரைவரும் கிளீனரை இறக்கிப் பின்னால் நிறுத்துகிறார். "வரலாம், வரலாம், ஹோல்டான்" என்று அவர் தட்டும் சத்தத்தை நம்பித்தான் அவ்வளவு பெரிய வண்டி நகர்கிறது. டிரைவருக்கு ஓட்டத் தெரியாது என்று யாரும் நினைப்பதில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பின்பக்கம் தெரியாது, அவ்வளவுதான்.

நம் துறையே ஒரு ஆளின் கண்ணை நம்பாமல் கட்டப்பட்டது. ஒரே செஷனை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, இரண்டு கணக்கும் எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று பார்க்கிறோம். பொதுவாக 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த எண்ணிக்கையை நம்புவதில்லை. அடிப்பதை எண்ணவே இரண்டு பேர் வேண்டும் என்றால், ஏன் அடிக்கிறான் என்று முடிவு செய்ய ஒருவர் போதுமா? தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதன் காரணத்தைக் கண்டறியும் முறையை 1982ல் வெளியிட்டபோது பிரையன் இவாட்டா என்ற ஆய்வாளரோடு இன்னும் நான்கு பேர் சேர்ந்து எழுதினார்கள். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை நடந்தது, எந்த நிலையில் செஷனை நிறுத்த வேண்டும் என்ற வரம்பும் வைத்திருந்தார்கள். அந்த முறையைப் படித்துவிட்டு நாம் தனியாக ஒரு அறையில் செய்து பார்க்கக் கூடாது. நீங்களும் இந்தப் பையனிடம் தனியாக முயற்சி செய்யாதீர்கள்.

நம் துறையில் இருப்பவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்க அமெரிக்காவில் 1998ல் தொடங்கிய பிஹேவியர் அனலிஸ்ட் சர்ட்டிஃபிகேஷன் போர்டு 2022 ஜனவரியிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறது. சான்றிதழ் வாங்கிய முதல் வருடத்திலேயே பயிற்சியாளர்களை மேற்பார்வை செய்கிற ஒருவர், குறைந்தது 5 வருடம் சான்றிதழோடு இருக்கும் இன்னொருவரிடம் மாதாமாதம் ஆலோசனை பெற வேண்டும். மேற்பார்வை செய்வது தனித் திறமை, அதையும் யாராவது பக்கத்தில் இருந்து கற்றுத்தர வேண்டும் என்று அங்கே எழுதியே வைத்துவிட்டார்கள். நமக்கு அப்படி யார் இருந்தார்கள்? உங்களுக்கும் எனக்கும் ஒருநாள் "நாளையிலிருந்து நீங்க சூப்பர்வைசர்" என்றார்கள், அவ்வளவுதான். 2023 ஜனவரியிலிருந்து இந்தியாவில் இருப்பவர்கள் அந்த போர்டில் புதிதாக விண்ணப்பிக்கவும் வழியில்லை.  ஆகவே உங்கள் தயக்கத்தை உங்கள் குணக்கோளாறு என்று நினைக்காதீர்கள். கேட்பதற்கு ஒரு இடத்தை யாரும் அமைத்துத் தரவில்லை. நாம்தான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, எப்படிக் கேட்பது? உங்கள் சீனியரிடமிருந்து தொடங்குங்கள். அவர் பத்தடி தூரத்தில் இருக்கிறார், பையனை நேரில் பார்க்கலாம், வெளியாட்கள் என்ற பேச்சும் இல்லை.

"எனக்கு ஒண்ணும் புரியலை, ஹெல்ப் பண்ணுங்க" என்று போய் நிற்காதீர்கள். அப்படிக் கேட்டால் கேட்பவருக்கும் கூசும், கேட்கப்படுபவருக்கும் எங்கே தொடங்குவதென்று தெரியாது. ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். எதை "அடி" என்று எண்ணுகிறீர்கள், கிராப், பிளான் மாறிய தேதிகளில் கோடு, எந்தெந்தத் தெரபிஸ்ட் எந்த நாளில் எடுத்தார், டாக்டர் என்ன சொன்னார், கடைசியில் ஒரே ஒரு கேள்வி. 1968ல் டொனால்ட் பேர், மான்ட்ரோஸ் வுல்ஃப், டாட் ரிஸ்லி மூவரும் இந்தத் துறைக்கு இலக்கணம் போல எழுதிய கட்டுரையில் ஒரு நிபந்தனை இருக்கிறது: செய்முறையை, பயிற்சி உள்ள இன்னொருவர் படித்து அப்படியே செய்யும்படி எழுத வேண்டும். உங்கள் ஒரு பக்கத்தை அந்த அளவுகோலில் எழுதுங்கள். எழுதும்போதே பாதி விடை உங்களுக்கே தெரியவரும். எனக்கு அப்படி நடந்திருக்கிறது. கேட்கப் போகாமலே திரும்பி வந்த நாட்கள் உண்டு.

பேச்சு இப்படி இருக்கலாம்: "மேம், வியாழக்கிழமை மத்தியானம் 20 நிமிஷம் கிடைக்குமா? ஒரு பையனோட கிராப் ஏறிக்கிட்டே இருக்கு. வேலையிலிருந்து தப்பிக்கிறான்னு நினைச்சு பிளான் போட்டேன். அது சரிதானான்னு எனக்கு இப்போ சந்தேகம். நீங்க ஒரு செஷன் உட்கார்ந்து தனியா எண்ணணும், அப்புறம் நாம ரெண்டு பேர் கணக்கையும் வச்சுப் பார்க்கலாம்." இதில் எங்கே தாழ்வு இருக்கிறது? இதை நீங்கள் என்னிடம் சொன்னால், தன் வேலையை மதிக்கிற ஒருவர் பேசுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அவர் வந்து உட்காரும்போது இரண்டு வேலை கொடுங்கள். அடியை எண்ணுவது ஒன்று. பிளானின் படிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, தெரபிஸ்ட் எதைச் செய்தார், எதை விட்டார் என்று டிக் போடச் சொல்வது இன்னொன்று. இரண்டாவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் நீங்கள் பிளானை இரண்டு முறை மாற்றியிருக்கிறீர்கள். கார்டு படி மூன்று வாரமாக நடக்கவே இல்லை என்றால், அந்த மூன்று வார கிராப்பில் நீங்கள் பார்த்தது உங்கள் பிளானின் பலனே அல்ல. நடக்காத பிளானைத் தோற்றுவிட்டது என்று தள்ளியிருக்கலாம். பழைய பிளானே சரியாக இருந்திருக்கவும் கூடும். டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்றால், புதிதாக எதையும் எழுதுவதற்கு முன் அதே பிளானை முழுசாக, எல்லாப் படியோடும், இரண்டு வாரம் நடத்திப் பாருங்கள். அந்த நாட்களில் அடி ஏறினால் எந்த எண்ணிக்கையில் நிறுத்துவது என்பதை சீனியரோடு சேர்ந்து முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேட்கப் போகும்போது ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். ஐந்து பேரிடம் கேட்டு ஐந்து யோசனையையும் ஒரே வாரத்தில் செய்து பார்க்காதீர்கள். எது பலித்தது என்று யாருக்கும் தெரியாது, பையன்தான் குழம்புவான். சீனியர் சொல்வது உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றால் தலையாட்டிவிட்டு வந்து வேறு மாதிரி செய்வது வேண்டாம். "எதைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க மேம்? எந்த டேட்டா வந்தா நாம மாத்திக்கலாம்?" என்று கேளுங்கள். கேஸின் பொறுப்பு உங்களுடையதுதான், கேட்டதால் அது அவர் தலைக்குப் போய்விடாது. அப்புறம், என்ன ஆயிற்று என்று திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். நம்மில் பெரும்பாலோர் இதை மறக்கிறோம். உதவி செய்தவருக்கு அதன் பலன் தெரியாவிட்டால் அடுத்த முறை அவருக்கும் மனம் வராது.

இன்னொன்று, கேட்பதற்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு மாதம் கழித்துக் கேட்பது கடினம், ஏனென்றால் அதற்குள் நம் மானம் அதில் கலந்துவிடுகிறது. என் வழக்கம் இது: பிளான் எழுதும் அன்றே, "10 செஷனில் மாற்றம் தெரியாவிட்டால் இதை இன்னொருவர் பார்ப்பார்" என்று பிளானிலேயே எழுதிவிடுவேன். உடம்பில் காயம் படுகிற நடத்தை என்றால் முதல் நாளிலிருந்தே இரண்டாவது ஆள் உண்டு. அந்த நாள் வரும்போது நான் தோற்றேனா என்ற யோசனையே எழுவதில்லை. தேதி வந்துவிட்டது, போய்க் கேட்கிறேன்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பதிலைப் போட்டவர் உங்களுக்கு மட்டும் பதில் போடவில்லை. படித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும், "இங்கே கேட்காதே" என்று சொல்லியிருக்கிறார். அன்று கேட்க நினைத்து டைப் செய்து அழித்தவர்கள் எத்தனை பேரோ! என் வருத்தம் அதுதான். அப்படிப்பட்ட குழுவில் அறிவிப்புகளைப் படியுங்கள், போதும். கேஸ் பேச ஒருவரோ இருவரோ போதும், நேரில்.

பெரம்பூர்த் தோழியிடம் பேசலாம். ஆனால் ஓனர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிடாதீர்கள். பிள்ளையின் விவரம் பெற்றோருக்குச் சொந்தம். அம்மா அப்பாவிடம் கேட்டு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பெயர், முகம், பள்ளி, தெரு எதுவும் வேண்டாம். வீடியோவை போனில் அனுப்பவே அனுப்பாதீர்கள். ஒருமுறை போய்விட்டால் அது யார் போனில் முடியும் என்று உங்களால் சொல்ல முடியாது. 2023ல் நிறைவேறிய தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. கிராப்பும் பிளானும் போதும். ஞாயிற்றுக்கிழமை நேரில் உட்கார்ந்து பாருங்கள். அதுவும் டீக்கடையிலோ மெட்ரோவிலோ வேண்டாம், வீட்டில். தண்டையார்பேட்டையும் பெரம்பூரும் எவ்வளவு தூரம்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் பையனின் சித்தியாக இருக்கலாம்.

சம்மதம் கேட்கும்போது அம்மா, "அப்போ உங்களுக்குத் தெரியலையா மேடம்?" என்று கேட்கக்கூடும். நீங்கள் பயப்படுவது இந்த ஒரு கேள்விக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நேராகப் பதில் சொல்லுங்கள்: "நான் போட்ட பிளான் போதவில்லைம்மா. உங்க பையன் விஷயத்துல நான் ஒருத்தி மட்டும் முடிவெடுக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன். இன்னொருத்தரும் பார்க்கட்டும்." நான்கு மாதமாக வீட்டில் அவன் தலைக்கும் சுவருக்கும் நடுவில் தன் கையை வைத்துக்கொண்டு தூங்காமல் இருக்கும் தாய்க்கு இது ஆறுதலாகத்தான் இருக்கும். இப்படிச் சொன்னதால் பிள்ளையை நிறுத்திய பெற்றோரை நான் பார்த்ததில்லை. நாம் மழுப்பியதைக் கண்டுபிடித்து நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓனரிடம் மரியாதை, மானம் என்று வாதாட வேண்டாம். ஒரு ஏற்பாடாகக் கொண்டுபோங்கள். வாரம் ஒருநாள் 45 நிமிடம், இரண்டு சூப்பர்வைசர்களும் ஆளுக்கு ஒரு கேஸ் கொண்டுவந்து பேசுவார்கள். சீனியரும் தன்னுடையதைக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் அது உங்களுக்கு நடக்கும் பரீட்சையாகிவிடும். பிள்ளைகளின் பெயர் வெளியே போகாது என்று எழுத்தில் கொடுங்கள். பெற்றோர் கைவிட்டுப் போவார்களோ என்ற பயம் ஓனருக்கு இருக்கும், இந்தப் பகுதியில் வாடகை கட்டி சென்டர் நடத்துபவருக்கு அந்தப் பயம் இயல்பு. ஆனால் இந்தப் பையன் விஷயத்தில் மட்டும் வளைந்து கொடுக்காதீர்கள். "இந்தக் கேஸுக்கு மருத்துவப் பரிசோதனையும் இரண்டாவது சூப்பர்வைசரும் தேவை" என்று மெயிலில் எழுதி அனுப்புங்கள். அதற்கும் மறுத்தால், உங்கள் திறமை எல்லைக்கு வெளியே போன கேஸை வைத்துக்கொண்டிருக்க உங்களுக்கு உரிமை இல்லை. அனுபவம் உள்ள வேறு இடத்துக்கு அனுப்பும்படி பெற்றோரிடம் சொல்ல வேண்டிவரும். கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். தலையில் விழும் அடி என்பதால் சொல்கிறேன்.

சென்டரில் ஸ்பீச் தெரபிஸ்ட், ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) இருந்தால் அவர்களையும் கேளுங்கள். அவர்கள் பேசும் மொழி வேறாக இருக்கும். "சென்சரி" (புலன் உணர்வு சார்ந்தது) என்று ஓ.டி. சொல்வதும் நாம் சொல்வதும் மோதும். ஆனாலும் கேளுங்கள். கார்டைப் பிடிக்க அவன் விரலுக்கு முடிகிறதா, கார்டை விட சைகை சுலபமா என்பதை அவர்களைப் போல நாம் பார்க்க மாட்டோம்.

கடைசியாக, அழுத அந்தப் பெண். அவளைப் பற்றித்தான் எனக்கு அதிக அக்கறை. ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு விடை அவளிடம் இல்லை, இதற்கு முன் யாராவது தவறைச் சொன்னபோது உங்கள் முகம் எப்படி மாறியது என்பதில் இருக்கிறது. கடந்த ஆறு மாதத்தில் ஒரு தெரபிஸ்ட் வந்து "மேடம், தப்பாப் பண்ணிட்டேன்" என்று எப்போது சொன்னார், நீங்கள் சொன்ன முதல் வாக்கியம் என்ன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அப்படி யாருமே வந்து சொல்லவில்லை என்றால், அதுவும் ஒரு டேட்டாதான்.

அவளோடு தனியாக உட்காருங்கள். "அந்தப் படியில எந்த இடத்துல கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். என் ஊகம், கார்டை நீட்டும்போது அவன் தட்டிவிட்டிருப்பான், அல்லது கார்டு கொடுத்தால் வேலை முடியாமல் நின்றுபோகும், ஷீட் காலியாக இருந்தால் திட்டு விழும் என்று நினைத்திருப்பாள். விளக்கிச் சொன்னால் மட்டும் போதாது. நீங்கள் பையனோடு உட்கார்ந்து செய்து காட்டுங்கள், அவளைச் செய்ய விடுங்கள், பக்கத்தில் இருந்து திருத்துங்கள், சரியாக வரும்வரை. பிள்ளைகளுக்கு இதைப் பொறுமையாகச் செய்கிற நாம் தெரபிஸ்டுகளுக்கு மட்டும் பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறோம். அடுத்த முறை யாராவது தவறைச் சொன்னால் உங்கள் முதல் வாக்கியம் "சொன்னது நல்லதாப் போச்சு, வா பார்க்கலாம்" என்று இருக்கட்டும். உடனே மாற மாட்டார்கள். நான் சனிக்கிழமைக் கூட்டத்தில் முதல் கிராப்பாக எனக்குப் பிடிபடாத என் சொந்தக் கேஸைப் போடத் தொடங்கி, இரண்டு மாதம் கழித்துத்தான் முதல் தெரபிஸ்ட் தன்னுடையதைக் கொண்டுவந்தார். அதுவரை நான் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மாதத்தில் என்னை யாரும் குறைவாக நடத்தவில்லை. மாறாக, அறைக் கதவைச் சாத்திவிட்டு செஷன் எடுத்தவர்கள் திறந்து வைக்கத் தொடங்கினார்கள்.

சீனியர் வந்து எண்ணும் அன்று இந்தப் பெண்ணையும் கூட உட்கார வையுங்கள். நீங்கள் இன்னொருவரிடம் கேட்பதை அவள் பார்க்கட்டும்.

டாக்டர் என்ன சொன்னார், வியாழக்கிழமை என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். கிராப்பையும் வையுங்கள். பையனின் பெயரை மட்டும் போடாதீர்கள்.